தென்வானம் தேடியவர்

நுழையும்முன்

ஓர் ஊரின் வளம் என்றால் மண்ணையும் நீரையும் எண்ணுகிறோம். மலையையும் காட்டையும் எண்ணுகிறோம். அவ்வூருக்கு மேலே விரிந்திருக்கும் வானத்தை எவரும் கணக்கில் சேர்ப்பதில்லை. தமிழ்நாட்டின் வானம் உலகின் பெரிய நாடுகள் பலவற்றுக்கு வாய்க்காத வளம் என்று கண்டு, அதனைப் பயன்கொள்ளத் தம் வாழ்நாளைச் செலவிட்டவர் வானியலறிஞர் வைணு பாப்பு. கோடைக்கானல் மலையிலும் சவ்வாது மலையிலும் அவர் ஆற்றிய பணியை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

மலைக்கு மேலே ஒரு மீன்

பழனிக்கு அருகில், மலைத்தொடரின் அடிவாரத்தில் அமைந்த ஊர் பாலசமுத்திரம். மாசித் திங்களின் பிற்பகுதியில் நிலவில்லா ஓர் இரவில், ஒன்பது மணியளவில், விளக்கொளி படாத வயல்வெளியில் நின்று தெற்கு நோக்கினால் மலைத்தொடர் ஒரு கருஞ்சுவர்போல் எழுந்து நிற்கும். அதற்கு மேலே, சற்று வலப்புறமாக வெண்மையாகச் சுடர்வது அகத்தியர் விண்மீன். இரவுவானின் விண்மீன்களுள் ஒளியில் இரண்டாவது அதுவே. அதற்கு இடப்புறமாக, நேர்தெற்கில், சற்று உயரத்தில் வேறொரு விண்மீன் நிற்கும். கையை நீட்டி விரல்களை மடக்கினால் அந்த முட்டி வானில் ஏறத்தாழ 10 பாகையை மறைக்கும். அவ்வாறு மூன்று முட்டி உயரத்திற்குச் சற்று மேலே அவ்விண்மீன் இருக்கும். அதன் பெயர் காமா வேலோரம்.

பண்டைய கிரேக்கர் தென்வானில் ஒரு பெரும் கப்பலைக் கண்டனர். 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வானியலாளர் லக்காய் அக்கப்பலை அடிமரம், பின்தளம், பாய் என மூன்று விண்மீன் குழுக்களாகப் பிரித்தார். அகத்தியர் விண்மீன் அடிமரத்தைச் சேர்ந்தது. காமா வேலோரம் பாயைச் சேர்ந்தது. பாய் என்பதற்கான இலத்தீன் சொல்லே வேலா.

பாலசமுத்திரத்துக்கு நேர்தெற்கே, வான்வழித் தொலைவில் ஏறத்தாழ 20 கி.மீ. அளவில், மலைத்தொடரின் மேல் கோடைக்கானல் இருக்கிறது. ஆகவே அடிவாரத்தில் நிற்பவர் கண்ணுக்கு, நேர்தெற்கை அடைந்த அவ்விண்மீன் கோடைக்கானலின் திசையிலேயே நிற்கும். அக்கோடைக்கானலில் இருந்துகொண்டுதான் வைணு பாப்பு அவ்விண்மீனை இரவு இரவாக ஆராய்ந்தார்.

இந்த விண்மீனை எல்லா நாட்டினரும் காண இயலாது. புவி உருண்டையாக இருப்பதால் வடக்கே செல்லச்செல்லத் தென்வான விண்மீன்கள் தாழ்ந்துகொண்டே போய், இறுதியில் அடிவானுக்குக் கீழே மறைந்துவிடும். இலண்டனிலும் பாரிசிலும் காமா வேலோரம் ஒருநாளும் எழுவதில்லை. கோடைக்கானலோ வட அட்சக்கோடு 10 பாகையை அடுத்து அமைந்தது. அங்கிருந்து பார்ப்பவருக்குத் தென்துருவத்தைச் சுற்றியுள்ள சிறு வட்டம் நீங்கலாகத் தென்வானம் முழுவதும் ஆண்டில் ஏதேனும் ஒரு காலத்தில் புலப்படும்.

வானாய்வக வீட்டுப் பிள்ளை

மணலி கல்லாட்டு வைணு பாப்பு 1927ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் சென்னையில் பிறந்தார். அவருடைய தந்தையார் ஐதராபாத்தில் இருந்த நிஜாமியா வானாய்வகத்தில் பணியாற்றினார். ஆதலால் மற்றப் பிள்ளைகள் பந்தும் பம்பரமும் கண்ட வயதில் அவர் தொலைநோக்கியைக் கண்டார். வீட்டுக்கு வெளியே வானாய்வகமும், வீட்டுக்குள் வானியல் பேச்சுமாக வளர்ந்தார். ஐதராபாத்து வானில் காமா வேலோரம் 25 பாகை உயரம் வரை எழும். தென்வானம் அவருக்கு இளமையிலேயே பழகிய வானமாயிற்று.

நிஜாம் கல்லூரியில் இயற்பியல் பயின்ற நாள்களிலேயே, ஒளி கூடியும் குறைந்தும் தோன்றும் மாறொளி விண்மீன்களைப் பற்றிய ஆய்வுக் குறிப்புகளை எழுதி வெளியிட்டார். அன்றைய இந்தியாவில் வானியற்பியலை உயர்கல்வியாகப் பயில வாய்ப்பு மிகக் குறைவு. ஐதராபாத்து அரசின் உதவித்தொகை பெற்று 1949இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

கண்ணில் பட்ட வால்மீன்

ஹார்வர்டில் சேர்ந்த சில மாதங்களிலேயே அவர் பெயர் உலக வானியலாளரிடையே பரவியது. 1949ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 2ஆம் நாள் இரவு தாம் எடுத்த ஒளிப்படத் தகட்டை ஆராய்ந்தபோது, வழக்கமான விண்மீன்களிடையே புதியதொரு மங்கிய ஒளியை அவர் கண்டார். அது அதுவரை எவரும் அறியாத வால்மீன். பேராசிரியர் பார்ட் பாக், உடன்பயின்ற கார்டன் நியூகர்க் ஆகியோருடன் சேர்ந்து அதன் சுற்றுப்பாதையைக் கணித்தார். கதிரவனை ஒருமுறை சுற்றிவர அதற்கு ஏறத்தாழ 60,000 ஆண்டுகள் ஆகும். மூவர் பெயராலும் அது பாப்பு–பாக்–நியூகர்க் வால்மீன் என்று வழங்குகிறது. இக்கண்டுபிடிப்புக்காகப் பசிபிக் வானியல் கழகம் அவருக்குப் பதக்கம் வழங்கியது. வால்மீனைக் கண்டபோது அவருக்கு வயது இருபத்தொன்று.

கோட்டின் அகலமும் விண்மீனின் தொலைவும்

1952இல் முனைவர் பட்டம் பெற்ற பாப்பு, கார்னகி ஆய்வுநல்கை பெற்றுப் பாலோமர் வானாய்வகத்துக்குச் சென்றார். அன்று உலகிலேயே பெரிய தொலைநோக்கி அங்குதான் இருந்தது. அங்கே ஆலின் வில்சன் என்னும் அறிஞருடன் இணைந்து அவர் செய்த ஆய்வு, வானியற்பியல் நூல்களில் நிலைத்த இடம் பெற்றது.

விண்மீன்களின் தொலைவை அறிவது எளிதன்று. இரவில் நெடுந்தொலைவிலிருந்து ஒரு விளக்கைக் காண்கிறோம். அது அருகிலுள்ள அகல்விளக்கா, தொலைவிலுள்ள பெருவிளக்கா என்பதைத் தோற்றத்தை மட்டும் கொண்டு சொல்ல முடியாது. விளக்கின் உண்மையான ஒளித்திறன் தெரிந்தால், தோன்றும் ஒளியோடு அதனை ஒப்பிட்டுத் தொலைவைக் கணக்கிடலாம். விண்மீனின் உண்மை ஒளித்திறனை அறிய ஒரு வழி வேண்டும்.

விண்மீனின் ஒளியை முப்பட்டகம் போன்ற கருவியால் பிரித்தால் நிறமாலை கிடைக்கும். அதில் கால்சியம் என்னும் தனிமத்தால் தோன்றும் அகன்ற கருங்கோடு ஒன்று உண்டு. வெப்பம் குறைந்த விண்மீன்களில் அக்கருங்கோட்டின் நடுவே ஒரு மெல்லிய ஒளிக்கோடு தெரியும். அந்த ஒளிக்கோடு எவ்வளவு அகலமோ அவ்வளவுக்கு விண்மீனின் உண்மை ஒளித்திறன் மிகுதி என்பதை வில்சனும் பாப்புவும் நிறுவினர். 1957இல் வெளிவந்த அவ்வுண்மை வில்சன்–பாப்பு விளைவு எனப் பெயர் பெற்றது. நிறமாலையில் ஒரு கோட்டின் அகலத்தை அளந்து, அவ்விண்மீன் இருக்கும் தொலைவை மதிப்பிட அது வழி வகுத்தது.

தாயகம் திரும்பினார்

இத்தகைய ஆய்வுக்குப் பின் அமெரிக்காவிலேயே அவர் தங்கியிருக்கலாம். ஆயினும் 1953இல் தாயகம் திரும்பினார். அப்போது இந்தியாவில் விண்மீன்களை ஆராய்வதற்கு உரிய புதிய பெருந்தொலைநோக்கி ஒன்றும் இல்லை. பாலோமரின் கருவியைப் பயன்படுத்திய ஒருவருக்கு இது பெரிய இழப்பாகவே இருந்திருக்க வேண்டும். அவர் அதனை இழப்பாகக் கருதி ஒதுங்கவில்லை. இல்லாததை உருவாக்கும் வேலையைத் தொடங்கினார். உத்தரப் பிரதேச அரசின் வானாய்வகத்துக்கு 1954இல் பொறுப்பேற்றார். வாரணாசியில் தொடங்கிய அந்த ஆய்வகத்தை இமயத்தின் சாரலில் உள்ள நைனிடாலுக்கு மாற்றி வளர்த்தார்.

இவ்விடங்களையெல்லாம் தென்வானத்தைக் கொண்டு அளந்து பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். ஹார்வர்டு இருக்கும் அட்சக்கோட்டில் காமா வேலோரம் அடிவானத்தைத் தொட்டும் தொடாமலும் மறையும். பாலோமரில் அது 9 பாகை உயரமே எழும். நைனிடாலில் 13 பாகை எழும். அடிவானத்தை ஒட்டி வரும் ஒளி தடித்த காற்றுப்படலத்தைக் கடக்க வேண்டியிருப்பதால் மங்கும்; நடுங்கும். நுட்பமான அளவீடுகளுக்கு அது ஏற்றதன்று. உலகின் சிறந்த கருவி இருந்த இடத்தில் தென்வானம் சரியாகக் கிடைக்கவில்லை. தென்வானம் நன்கு கிடைத்த தென்னிந்தியாவிலோ தகுந்த கருவி இல்லை. இவ்விடைவெளியை நிரப்புவது அவருடைய பிற்கால வாழ்வின் வேலையாயிற்று.

கோடைக்கானலில்

1960இல், தம் முப்பத்து மூன்றாம் வயதில், பாப்பு கோடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநரானார். 1899இல் நிறுவப்பட்ட அவ்வாய்வகம் கடல்மட்டத்திலிருந்து 2,343 மீட்டர் உயரத்தில் அமைந்தது. கதிரவனை ஆராய்வதற்கென்றே ஏற்பட்ட அவ்விடத்தில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் கதிரவனின் படங்கள் நாள்தோறும் எடுக்கப்பட்டு வந்தன. கதிரவப் புள்ளிகளில் வளிமங்கள் நடுவிலிருந்து வெளிநோக்கிப் பாய்வதை 1909இல் ஜான் எவர்செட் கண்டறிந்ததும் அங்கேதான்.

அந்த மரபை பாப்பு போற்றினார். புதிய கருவிகளால் அதனை வலுப்படுத்தினார். விண்மீன்களில் தாம் கண்ட கால்சியம் கோட்டைக் கதிரவனிலும் ஆராய்ந்தார். அதோடு நில்லாமல், பகலில் கதிரவனைக் கண்ட மலையில் இரவில் விண்மீன்களையும் காணத் தலைப்பட்டார். அதற்கென இளைஞர்களைத் தேர்ந்து பயிற்றுவித்தார். கருவிகளை ஆய்வகத்துப் பட்டறையிலேயே செய்துகொள்ளும் வழக்கத்தை வளர்த்தார். வெளிநாட்டில் வாங்கும் கருவி பழுதுற்றால் ஆய்வு நின்றுவிடும். தானே செய்த கருவியைத் தானே செப்பனிடலாம் என்பதை அவர் அறிந்திருந்தார்.

பாய்க்குள் ஓர் இரட்டை

அமெரிக்காவில் இருந்த காலத்திலேயே பாப்புவின் கருத்தைக் கவர்ந்தவை வுல்ப்–ராயே விண்மீன்கள். 1867இல் பாரிசு வானாய்வகத்தில் வுல்ப், ராயே என்னும் இருவர் இவ்வகை விண்மீன்களை முதன்முதலில் இனங்கண்டனர். பெரும்பாலான விண்மீன்களின் நிறமாலையில் கருங்கோடுகளே மிகுந்திருக்கும். இவற்றிலோ அகன்ற ஒளிப்பட்டைகள் தோன்றும். மிகுந்த வெப்பமும் பெரும் நிறையும் உடைய இவை, தம் மேற்பரப்பை நொடிக்கு ஆயிரம் கி.மீ.க்கும் மேற்பட்ட விரைவில் விண்வெளியில் வீசிக்கொண்டிருக்கின்றன. அகன்ற ஒளிப்பட்டைகளுக்கு இவ்வீச்சே காரணம். தம்மையே செலவழித்து விரைவில் முடிந்துபோகும் விண்மீன்கள் இவை.

இவ்வகையுள் வானில் மிகுந்த ஒளியுடன் தோன்றுவது காமா வேலோரமே. அது ஏறத்தாழ 1,100 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. வெறுங்கண்ணுக்கு ஒற்றை ஒளிப்புள்ளியாகத் தோன்றினாலும் இருகண் தொலைநோக்கியால் நோக்கினால் அருகில் மங்கலான துணை ஒன்று தெரியும். ஒளி மிகுந்த உறுப்போ மேலும் இரண்டு விண்மீன்கள் ஒன்றையொன்று சுற்றும் இணை. எத்தொலைநோக்கியிலும் அவ்விரண்டும் அன்று பிரிந்து தோன்றவில்லை. நிறமாலைதான் அவற்றைப் பிரித்துக் காட்டியது.

விண்மீன் நம்மை நோக்கி வரும்போது அதன் நிறமாலைக் கோடுகள் நீலப் பக்கம் நகரும்; விலகிச் செல்லும்போது சிவப்புப் பக்கம் நகரும். இரட்டையுள் ஒன்று நெருங்கும்போது மற்றது விலகும். இந்நகர்வைப் பல இரவுகள் தொடர்ந்து அளந்தால் அவை ஒருமுறை சுற்றிவர ஆகும் காலம் தெரியவரும். சொல்வதற்கு எளிதாகத் தோன்றும் இம்முறைக்குப் பெரும் பொறுமை வேண்டும். ஓரிரவின் பதிவால் ஒன்றும் தெரியாது. இடையில் மூடுபனி வந்தால் தொடர்ச்சி அறும். அடுத்த நல்ல இரவு வரும் வரை காத்திருக்க வேண்டும். ஓர் ஆண்டில் விட்டதை மறு ஆண்டில் பிடிக்க வேண்டும்.

பாப்புவும் அவருடன் பணியாற்றிய கே.எஸ்.கணேஷும் இப்பணியைச் செய்து முடித்தனர். அவ்விணையின் சுற்றுக்காலம் 78.5 நாள்கள் என்பதை 1967இல் கோடைக்கானல் வானாய்வக வெளியீட்டில் அறிவித்தனர். பின்னாளில் நுட்பம் மிகுந்த கருவிகளால் அளந்தவர்களும் ஏறத்தாழ இதே காலத்தையே கண்டனர். இரட்டை விண்மீன்களின் சுற்றுக்காலமும் விரைவும் தெரிந்தால்தான் அவற்றின் நிறையைக் கணிக்க முடியும். வுல்ப்–ராயே விண்மீன்களின் நிறையை அறிய முயன்ற உலக ஆய்வாளர்க்கு, பழனி மலையிலிருந்து வந்த இவ்வெண் ஓர் அடிப்படையாயிற்று.

தெரிந்து தெளிவோம்

பாய் விண்மீன் குழுவில் காணத்தக்கவை:
- ஐசி 2391: வெறுங்கண்ணுக்கே புலப்படும் விண்மீன் கொத்து. இருகண் தொலைநோக்கியில் அழகாகத் தோன்றும்.
- என்ஜிசி 2547: காமா வேலோரத்துக்குச் சற்றுத் தெற்கே உள்ள இளம் விண்மீன் கொத்து.
- என்ஜிசி 3201: பல்லாயிரம் முதிய விண்மீன்கள் உருண்டையாகத் திரண்ட கோளக் கொத்து.
- என்ஜிசி 3132: இறக்கும் விண்மீன் உதிர்த்த வளிம வளையம். 2022இல் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி வெளியிட்ட முதற்படங்களுள் இதுவும் ஒன்று.
- வேலா எச்சம்: ஏறத்தாழ 11,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்த விண்மீனின் சிதறல். அதன் நடுவே எஞ்சிய துடிப்பு விண்மீன் நொடிக்கு 11 முறை சுழல்கிறது.

காவலூர்

கோடைக்கானலின் காலைப்பொழுது தெளிவானது. கதிரவனை ஆராய ஏற்றது. இரவோ அத்தகையதன்று. மேகமும் பனியும் மலையை அடிக்கடி மூடும். இரவுவானை ஆராய வேறிடம் வேண்டும் என்று பாப்பு முடிவு செய்தார். தெளிந்த இரவுகள் மிகுந்திருத்தல், நகர விளக்கொளி இல்லாமை, காற்று அமைதியாக இருத்தல் ஆகியவற்றை எவரும் எதிர்பார்ப்பர். பாப்பு இவற்றோடு இடம் இயன்றவரை தெற்கே இருத்தல் வேண்டும் என்பதையும் இன்றியமையாததாகக் கொண்டார். தென்வானத்தை இழந்து பெறும் தெளிவு அவருக்கு ஏற்புடையதாக இல்லை.

பல இடங்களை ஆராய்ந்தபின் அவர் தேர்ந்தது சவ்வாது மலையில் உள்ள காவலூர். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்தில், வட அட்சக்கோடு 12½ பாகையை ஒட்டி, காடு சூழ அமைந்த சிற்றூர் அது. அங்கே காமா வேலோரம் 30 பாகை உயரம் எழும். கோடைக்கானலின் உயரத்துக்குக் காவலூர் ஈடாகாது. எனினும் இரவின் தெளிவில் அது பயன் தந்தது. 1968இல் 38 செ.மீ. தொலைநோக்கி ஒன்று அங்கே பணியைத் தொடங்கியது. அத்தொலைநோக்கி வெளிநாட்டிலிருந்து வந்ததன்று; கோடைக்கானல் ஆய்வகத்தாரே செய்தது.

1972இல் செருமனியில் செய்த 1 மீட்டர் தொலைநோக்கி காவலூரில் நிறுவப்பட்டது. அவ்வாண்டு ஜூனில் வியாழனின் துணைக்கோளான கானிமீடு ஒரு விண்மீனை மறைத்தபோது, அக்கோளுக்கு மெல்லிய வளிமண்டலம் உண்டு என்பதற்கான குறிப்பு இத்தொலைநோக்கியால் கிடைத்தது. 1977 மார்ச்சு 10ஆம் நாள் யுரேனசு கோள் ஒரு விண்மீனை மறைத்த நிகழ்வில் அக்கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பதை உலகம் அறிந்தது. அந்நிகழ்வைப் பதிவு செய்த ஆய்வகங்களுள் காவலூரும் ஒன்று. ஆஸ்திரேலியாவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் இடைப்பட்ட பரந்த பரப்பில் தென்வானத்தை நோக்கும் பெரிய ஆய்வகமாகக் காவலூர் அமைந்தது. ஓரிடத்தில் பகலாக இருக்கும்போது நிகழ்வது மற்றோரிடத்தில் இரவில் நிகழும். ஆதலால் இடைவெளியின்றி வானத்தைக் கண்காணிக்க இந்த இருப்பிடமே பெருந்துணையாயிற்று.

கோடைக்கானல் வானாய்வகம் 1971இல் இந்திய வானியற்பியல் நிறுவனம் என்னும் தன்னாட்சி அமைப்பாக மலர்ந்தது. அதன் முதல் இயக்குநர் பாப்புவே. அறிவியலுக்கான பட்நாகர் பரிசு 1970இலும் பத்மபூசண் விருது 1981இலும் அவரை அடைந்தன. 1979இல் அனைத்துலக வானியல் ஒன்றியத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்பதவியை ஏற்ற முதல் இந்தியர் அவரே.

முடியாத பணி

பாப்புவின் பெருங்கனவு, இந்தியரே வடிவமைத்து இந்தியரே செய்யும் பெருந்தொலைநோக்கி. 234 செ.மீ. குறுக்களவுடைய ஆடி ஒன்றைத் தேய்த்து மெருகேற்றும் வேலை பெங்களூரில் நிறுவனத்தின் ஒளியியல் ஆய்வகத்தில் தொடங்கியது. இவ்வளவு பெரிய ஆடியை இந்தியாவில் அதற்கு முன் எவரும் உருவாக்கியதில்லை. விண்மீனின் ஒளியைச் சிதையாமல் குவிக்க வேண்டுமாயின், ஆடியின் பரப்பில் ஒளி அலையின் நீளத்தில் சிறு பங்கு அளவுகூடப் பிழை இருத்தல் ஆகாது. அவ்வேலைக்குப் பல ஆண்டுகள் தேவைப்பட்டன.

வேலை முடியும் முன்பே, 1982ஆம் ஆண்டு ஆகஸ்டு 19ஆம் நாள், செருமனியின் மியூனிக் நகரில் இதய அறுவைக்குப்பின் பாப்பு மறைந்தார். அப்போது அவருக்கு வயது 55. அதே நாள்களில் அவர் தலைமை தாங்க வேண்டிய வானியல் ஒன்றியத்தின் பேரவை கிரேக்க நாட்டில் கூடியிருந்தது. மியூனிக் நகரின் வானில் காமா வேலோரம் எழுவதில்லை. தாம் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த விண்மீன் எட்டாத அட்சக்கோட்டில் அவருடைய வாழ்வு நிறைவுற்றது.

அவர் பயிற்றுவித்தவர்கள் அப்பணியைத் தொடர்ந்தனர். தொலைநோக்கி 1985இல் காவலூரில் நிறுவப்பட்டது. 1986ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள் அன்றைய தலைமையமைச்சர் இராஜீவ் காந்தி அதற்கு வைணு பாப்பு தொலைநோக்கி என்றும், காவலூர் ஆய்வகத்துக்கு வைணு பாப்பு வானாய்வகம் என்றும் பெயர் சூட்டினார். சிறுகோள் ஒன்றும் அவர் பெயரைத் தாங்கிக் கதிரவனைச் சுற்றி வருகிறது.

பாலசமுத்திரத்து வயல்வெளிக்கு மேலே ஆண்டுதோறும் அவ்விண்மீன் வந்து நிற்கிறது. அதனைக் காண விலை எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. விளக்கில்லாத ஓரிடமும், தெற்கு எது என்னும் தெளிவும், கண் இருளுக்குப் பழகும் வரை காத்திருக்கும் பொறுமையும் போதும். விளக்குகள் பெருகப் பெருக அத்தகைய இருண்ட இடங்கள் குறைந்துவருகின்றன. மண்ணையும் நீரையும் காப்பதுபோல் இரவின் இருளையும் காத்தால்தான், வைணு பாப்பு தேடிக் கண்ட வளம் அடுத்த தலைமுறைக்கும் எஞ்சும்.

கற்பவை கற்றபின்

1. மாசி, பங்குனி இரவுகளில் உங்கள் ஊரின் தெற்கு வானில் அகத்தியர் விண்மீனையும் காமா வேலோரத்தையும் கண்டு, அவை நிற்கும் உயரத்தை முட்டிக் கணக்கில் அளந்து குறிப்பெழுதுக.
2. கோடைக்கானல், காவலூர் ஆகிய இரண்டு இடங்களையும் கதிரவ ஆய்வு, இரவுவான ஆய்வு என்னும் நோக்கில் ஒப்பிட்டு வகுப்பறையில் உரையாற்றுக.
3. கருவியைப் பிறரிடம் வாங்குவதற்கும் தாமே செய்வதற்கும் உள்ள வேறுபாட்டை வைணு பாப்புவின் வாழ்வைக் கொண்டு ஒரு பக்க அளவில் எழுதுக.
4. உங்கள் ஊரில் இரவுவானை மறைக்கும் விளக்கொளியைக் குறைக்கும் வழிகளைக் குழுவாகக் கலந்துரையாடி, ஊராட்சித் தலைவருக்கு ஒரு வேண்டுகோள் மடல் வரைக.